மூன்றாம் பக்கத்து ஹீட்டர்

மருத்துவமனை வண்டி ஓட்டுநர்களில் அவள் ஒருத்திதான் பெண். எல்லாரும் அவளைக் கண்ணாடியக்கா என்று கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர் அல்ல. வண்டியை எடுப்பதற்கு முன் முன்கண்ணாடியைத் துடைப்பாள், தலையை ஒரு பக்கம் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பாள், மறுபடியும் துடைப்பாள். "போதும்க்கா, கண்ணாடி தேஞ்சிடப் போகுது" என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டல் பண்ணுவார்கள். "தேஞ்சா இன்னும் நல்லாத் தெரியும், நீ போய் உன் வேலையைப் பாரு" என்பாள்.

அதே மருத்துவமனைக்கு அவள் முதலில் வந்தது தரை துடைக்கத்தான். அவள் கணவர் ஒரு ரொட்டிக் கம்பெனியில் சரக்கு வண்டி ஓட்டினார். விடுமுறை நாட்களில் கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "கிளட்சை மிதின்னா என்னையே மிதிச்சா" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். லைசென்ஸ் எடுத்துப் பல காலம் அது அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது. ஒருநாள் ஒரு ஓட்டுநர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதைக் கேள்விப்பட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போக்குவரத்து அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த வண்டியை எனக்குக் குடுங்க."

அதிகாரி சிரித்தார். ஆள் கிடைக்கிற வரைக்கும் ஓட்டட்டும் என்று சாவியைக் கொடுத்தார். அப்புறம் ஆள் தேடுவதையே விட்டுவிட்டார்.

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை டயாலிசிஸுக்கு ஏற்றி வருவதும் முடிந்ததும் வீட்டில் கொண்டு விடுவதும் அவள் வேலை. காலையில் பேசிக்கொண்டே வருகிறவர்கள், திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார்கள். ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்கு வாந்தி வரும்போல இருக்கும், ஒருவருக்குக் காலில் பிடிப்பு. அவர்களுக்காகவே பிரேக்கை நோகாமல் போடப் பழகியிருந்தாள்.

முன் சீட்டில் வருகிறவர் ஒரு தையல்காரர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். முழங்கால் சரியாக மடங்காததால் அவரால் பின்னால் ஏற முடியாது. முன் சீட்டு அவருக்கென்றே ஆகிவிட்டது. டயாலிசிஸ் முடிந்தால் அவருக்குப் பல் கிட்டும் அளவுக்குக் குளிரும். பழைய வேனின் டேஷ்போர்டு பார்க்க லட்சணமாக இருக்காது. வெயிலில் வெளுத்து ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. ஆனால் அதன் நடுவில் மூன்று குமிழ்கள் இருந்தன: ஒன்று சூட்டுக்கு, ஒன்று காற்றின் வேகத்துக்கு, ஒன்று காற்று காலுக்குப் போகவா கண்ணாடிக்குப் போகவா என்பதற்கு. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கை அங்கே போய்த் திரும்பும். பாதி நேரம் அந்த வேலையும் இல்லை. மாஸ்டரே கையை நீட்டித் திருப்பிக்கொள்வார்.

பின் சீட்டில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வருவார். அவருக்கு எப்போதும் புழுக்கம்.

"மாஸ்டர், இது வேனா அடுப்பா? இறங்குறதுக்குள்ள நாங்க வெந்துடுவோம்."

"வெந்தாத்தான் டீச்சர் கொஞ்சம் மிருதுவா ஆவீங்க. உங்ககிட்ட படிச்ச புள்ளைங்க என்னைக் கும்பிடும்."

மாஸ்டரின் கதவுப் பக்கத்துக் கையில், முழங்கைக்குக் கீழே, தோலுக்கடியில் புடைத்த ஒரு மேடு உண்டு. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து இரண்டு ரத்தக்குழாய்களை ஒட்டி வைத்த இடம். அந்தக் கையில் பை தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, அதன்மேல் சாய்ந்து தூங்கவும் கூடாது. குழந்தையை வைத்திருப்பதுபோல அதை மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஒருமுறை சிக்னலில் வண்டி நின்றபோது, "தொட்டுப் பாரும்மா" என்றார். அவள் விரலை வைத்தாள். உள்ளே விர்ரென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"மெஷின் ஓடுது பாத்தியா? கடையில மெஷினை நிறுத்திட்டேன். இங்க ஓடுது. இது ஓடுற வரைக்கும் நான் ஓடுவேன்."

பழைய வேனைக் கழித்துக் கட்டிப் புது வேன் வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. மருத்துவமனைத் தலைவர் வந்து பார்த்து, கதவு சத்தமில்லாமல் மூடுவதை இரண்டு தடவை மூடிப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடியக்காவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். உட்கார்ந்து பார்த்தால் நடுவில் குமிழ்கள் இல்லை. சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு கறுப்புக் கண்ணாடித் திரை மட்டும் இருந்தது.

விற்ற கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். ஓட்டுநர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். திரையில் அவர் விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாட்டு வந்தது, வரைபடம் வந்தது, டயரில் எவ்வளவு காற்று என்று வந்தது.

"சார், ஹீட்டர் எங்க?" என்றாள்.

"இதோ, இப்படித் தள்ளுங்க, மறுபடி தள்ளுங்க, மூணாவது பக்கம். சூடு இருக்கு, காற்று இருக்கு, எல்லாமே இருக்கு. சும்மா தொட்டாப் போதும்."

"தொடணும்னா பாக்கணுமே?"

"ரெண்டு நாள்ல பழகிடும்க்கா. உங்க ஃபோன் மாதிரிதான்."

"ஃபோனைப் பாத்துக்கிட்டு வண்டி ஓட்டாதேங்கிறாங்களே சார்."

ஓட்டுநர்கள் சிரித்தார்கள். பயிற்சி கொடுத்தவரும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். விஷயம் அந்தச் சிரிப்போடு நிற்கவில்லை. அக்காவுக்குப் புதுசு என்றால் பயம், அக்கா பழைய காலத்து ஆள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. பயமா, எனக்கா என்று ஒரு விடுமுறை நாளில் கணவரைக் கூட்டிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். நின்ற வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஹீட்டரைக் கண்டுபிடிக்கிற பயிற்சி. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, சரி, தப்பு என்று சொல்ல வேண்டும்.

"தப்பு. பாட்டு வந்திருக்கு... தப்பு. இப்ப யாருக்கோ ஃபோன் போகுது, கட் பண்ணு, கட் பண்ணு!"

"தடவினா ஒரே வழவழன்னு இருக்கு. மேடு இல்ல, பள்ளம் இல்ல. கைக்கு எப்படித் தெரியும்?"

"என் முதுகுல எங்க அரிக்குதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி உன் கைக்குத் தெரியும். இது உன்கிட்ட பிடி குடுக்க மாட்டேங்குது."

பிடி கொடுக்கவே இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் விரல் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவிவிடும். மழையில் நனைந்த விரலை அது விரலாகவே மதிக்காது. சூட்டைக் கூட்டும் கோடும் ரேடியோ சத்தத்தைக் கூட்டும் கோடும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாக நின்றன. ஒருநாள் மாஸ்டருக்குச் சூடு வைக்கப்போய், அரைமயக்கத்தில் இருந்தவர்கள்மேல் ரேடியோ விளம்பரக்காரன் ஒருவன் அலறினான். டீச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அன்று எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும்விட அவளுக்கு எரிச்சல் மூட்டியது, அவ்வப்போது திரையை மூடிக்கொண்டு முளைக்கும் ஒரு பெட்டி. 'உங்கள் கவனம் சாலையில் இருக்கட்டும்' என்று அதில் எழுதியிருக்கும். கீழே 'சரி' என்று ஒரு கட்டம். சாலையிலிருந்து கண்ணை எடுத்து அந்தச் சரியைத் தேடி அமுக்கினால்தான் அது போகும்.

மாஸ்டரும் பழைய பழக்கத்தில் கையை நீட்டுவார். திரையைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பாதியில் மடக்கிக்கொள்வார். "நீயே பண்ணும்மா. எனக்கு அது தாசில்தார் ஆபீஸ் மாதிரி இருக்கு. எந்த ஜன்னல்ல போய் நிக்கிறதுன்னே தெரியல" என்பார்.

அவள் அதிகாரியிடம் போனாள்.

"ஓடும்போது மாத்த முடியல சார். கண்ணு ரோட்டை விட்டுப் போகுது. ஹீட்டருக்கு மட்டுமாவது தனியா ஒரு சுவிட்ச் வச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

"கம்பெனிக்காரன் அதெல்லாம் வைக்க மாட்டான்மா. கிளம்புறதுக்கு முன்னாடியே செட் பண்ணிக்கோங்க."

"கிளம்பும்போது ஒரு குளிரு, போகும்போது ஒரு குளிரு சார். நோயாளிங்க கேட்டா என்ன சொல்றது?"

"கேக்குறாங்களா?" அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஓடுற வண்டியில டிரைவர்கிட்ட ஏன் கேக்குறாங்க?"

அந்த வாரமே வேனுக்குள் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் எதையும் கேட்கக் கூடாது. மீறுகிற நோயாளிக்கு வண்டி வசதி நிறுத்தப்படும். அவள் கேட்டது சுவிட்ச். வந்தது இது. டீச்சர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "நாப்பது வருஷம் நான் சொன்ன விதி. ஒரு வகுப்பும் கேட்டதில்ல" என்றார்.  அன்றிலிருந்து மாஸ்டர் எதையாவது கேட்பதாக இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

அந்த மழைநாளிலும் அப்படித்தான் கேட்டார். காலையிலிருந்தே மழை விட்டபாடில்லை. மதியம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, காற்று முழுவதும் முன்கண்ணாடிக்குப் போகிற மாதிரி வைத்துக்கொண்டுதான் கிளம்பினாள். சிக்னலில் நின்றபோது மாஸ்டர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"கால் விறைக்குதும்மா. கொஞ்சம் இந்தப் பக்கம் விடேன்."

நின்ற வண்டிதானே என்று, மூன்றாம் பக்கத்துக்குப் போய்க் காற்றைக் காலுக்குத் திருப்பினாள். மாஸ்டர் ஆசுவாசமாகக் கண்ணை மூடினார். பச்சை விழுந்தது.

பாலத்தில் ஏறும்போது கண்ணாடி மூடத் தொடங்கியது. அத்தனை பேரின் ஈர உடையும் மூச்சும் சேர்ந்து, ஓரங்களிலிருந்து நடுவுக்கு வெள்ளையாகப் படர்ந்து வந்தது. துணியை எடுத்துத் துடைத்தாள். கோடு கோடாக இழுத்துக்கொண்டதே தவிரத் தெளியவில்லை. ஒதுங்கி நிற்கப் பாலத்தில் இடம் கிடையாது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டி வந்தது. காற்றை மறுபடி கண்ணாடிக்குத் திருப்பத் திரைக்குக் கையை நீட்டினாள். பெட்டி முளைத்தது. மழை பெய்கிறது, கவனமாக ஓட்டவும், சரி. அமுக்கினாள். துணியைப் பிடித்த ஈரவிரல், திரை அசையவில்லை. விரலை உடையில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். பெட்டி போனது. ஒரு பக்கம் தள்ளினாள். அடுத்த பக்கம் தள்ளும்போது பாலத்தின் இணைப்பில் வண்டி குலுங்கி, வரைபடம் வந்து நின்றது.

நிமிர்ந்தபோது, பாலத்தின் இறக்கத்தில் மேசை நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த ஒரு லாரியின் பின்பக்கம் கண்ணாடி முழுவதும் இருந்தது.

பிரேக்கை மிதித்தாள். ஸ்டியரிங்கை ஒடித்தாள். அவள் பக்கம் தப்பியது. மாஸ்டர் பக்கம் மோதியது.

பெரிய வேகம் இல்லை. டீச்சருக்கு நெற்றியில் வீக்கம், மூக்குக் கண்ணாடி போயிற்று. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மாஸ்டரின் முன்னால் காற்றுப்பை வெடித்துத் திறந்து, மடியில் வைத்திருந்த கையைக் கதவோடு சேர்த்து அடித்திருந்தது. அவர் கத்தவில்லை. இன்னொரு கையின் விரல்களை அந்த மேட்டின்மேல் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். அழுத்திப் பார்த்தார்.

"நின்னுடுச்சும்மா" என்றார்.

மருத்துவர்கள் முயன்றார்கள். திரும்ப ஓடவில்லை. இன்னொரு கையில் ஏற்கெனவே ஒருமுறை அதேபோல் ரத்தக்குழாய்களை ஒட்டிப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தது. கடைசியில் கழுத்துக்குக் கீழே ஒரு குழாயைப் பொருத்தினார்கள். அதில் நீர் படக் கூடாது, சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும், பிடித்தால் உயிருக்கே ஆபத்து. இனிமேல் அதுதான் வழி.

வார்டு வாசலில் மாஸ்டரின் மகள் நின்றிருந்தாள். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பறை வேலை பார்ப்பவள். அந்த உடுப்போடு அப்படியே ஓடி வந்திருந்தாள். கண்ணாடியக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எங்கப்பாவுக்கு இருந்ததே அந்த ஒரு கைதான். உங்களை நம்பித்தானே ஏத்தி விட்டேன்?"

 கண்ணாடியக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திரையைப் பார்த்தது உண்மை. அந்த நேரம் சாலையைப் பார்க்காதது உண்மை. யாரும் கேட்பதற்கு முன்பே அவள் அதைத் தனக்குள் கேட்டு முடித்திருந்தாள்.

விசாரணை, மருத்துவமனையின் மேல்மாடி அறையில் நடந்தது. போக்குவரத்து அதிகாரி, நிர்வாகத்திலிருந்து ஒரு அம்மா, வண்டி விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர். கம்பெனிக்காரர் மரியாதையாகப் பேசினார். சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால், பொட்டு அளவுக்கு ஒரு கேமரா இருந்திருக்கிறது. ஓட்டுநரின் கண் எங்கே பார்க்கிறது என்பதை அது கவனித்துக்கொண்டே இருக்குமாம். அது இருப்பதே அவளுக்குத் தெரியாது. படத்தில் அவள் முகம் சாம்பல் நிறத்தில் பெரிதாகத் தெரிந்தது. கண்கள் கீழே, ஓரமாக. விரல் திரையை எத்தனை தடவை தொட்டது, கண் எவ்வளவு நேரம் விலகியிருந்தது என்று எல்லாமே கீழே ஓடியது.

"வண்டியில எந்தப் பழுதும் இல்ல. எல்லாமே சரியா வேலை செஞ்சிருக்கு" என்றார் கம்பெனிக்காரர்.

"திரையை ஏன் பாத்தீங்க?" என்று நிர்வாகத்து அம்மா கேட்டாள்.

"கண்ணாடி மூடிடுச்சும்மா. அதைத் தெளிவிக்கிறது அந்தத் திரைக்குள்ளதான் இருக்கு. பாக்காம அதைத் தொட முடியாது. நான் இதை முன்னாடியே சார்கிட்ட சொல்லியிருக்கேன்."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "நான் என்ன சொன்னேன்? கிளம்புறதுக்கு முன்னாடி செட் பண்ணிக்கோங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"பண்ணினேன் சார். கண்ணாடிக்கு வச்சுக்கிட்டுத்தான் கிளம்பினேன். நடுவுல மாஸ்டர் கால் விறைக்குதுன்னார். சிக்னல்ல காலுக்கு மாத்தினேன். அதுலதான் கண்ணாடி மூடிச்சு. அவரையே கேளுங்க."

மாஸ்டரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகள் பின்னால் நின்றாள். அவர் கழுத்துப் பக்கம் வெள்ளைக் கட்டு எட்டிப்பார்த்தது.

"நீங்க டிரைவர்கிட்ட ஏதாவது கேட்டீங்களா ஐயா?" அதிகாரி கேட்டார். "அறிவிப்பு ஒட்டியிருந்தோம். பாத்திருப்பீங்க."

மாஸ்டர் கண்ணாடியக்காவைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்தார். மகளின் கை அவர் தோளில் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க. நான் தூங்கிட்டிருந்தேன்."

 கண்ணாடியக்கா வாயைத் திறந்தாள். "மாஸ்டர்" என்று ஒரே ஒரு சொல் வந்தது.  அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் கணவர் குதித்தார்.

"எத்தனை வருஷம் ஏத்தி இறக்கியிருக்கே! கைப்பிடிச்சு வாசல் வரைக்கும் விட்டுட்டு வருவியே! நான் போய் அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்."

"என்ன கேப்பீங்க? ஒருநாள் விட்டு ஒருநாள் அவரை யார் கூட்டிட்டுப் போவா? நீங்களா? உங்க ரொட்டி வண்டியிலயா?"

"அதுக்காகப் பொய் சொல்றதா?"

"அதுக்காகத்தான் சொன்னார். கேட்டேன்னு சொல்லியிருந்தா வண்டியை நிறுத்தியிருப்பாங்க. வண்டி நின்னா அவர் செத்துடுவார்."

"அப்ப உனக்குக் கோபமே இல்லையா?"

"வயிறு எரியுது" என்றாள். "யார் இல்லைன்னா?"

புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை. அந்தத் திரையைச் செய்தவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவன்மேல் எரிந்து விழ ஒரு முகம் இல்லை. அதிகாரி எப்போதுமே அதிகாரிதான். மாஸ்டரின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது, மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு.

விசாரணைக் கமிட்டி அவள் பேருக்கு நேரே கவனக்குறைவு என்று எழுதியது. வேலையை விட்டு அனுப்பவில்லை, அது பெரிய கருணை என்று சொன்னார்கள். இனி வண்டி ஓட்டக் கூடாது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போட்டார்கள். படுக்கைவிரிப்பு, போர்வை, திரைச்சீலை எல்லாம் துவைத்து உலர்த்தி மடித்து வார்டுகளுக்கு அனுப்புகிற இடம். நீராவியும் சோப்பு வாடையுமாக இருக்கும். வண்டிச் சாவிக்குப் பதிலாகத் தள்ளுவண்டி. கண்ணாடியக்கா என்ற பெயரும் மெல்லக் கழன்றது. அங்கே இருந்தவர்கள் சும்மா அக்கா என்றார்கள். முன்பு கிண்டல் பண்ணிய ஓட்டுநர்கள் இப்போது அவளைக் கண்டால் பரிதாபமாக ஒரு சிரிப்பு சிரித்தார்கள். கிண்டலையே தாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பழுதுபார்த்து வந்த வேனை இப்போது வேறொருவர் ஓட்டினார். கலகலப்பான ஆள், நெட்டை என்று பெயர். மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள், அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்ற உதவிக்கொண்டே அவர் சொன்னார்:

"அக்கா, நீங்க சும்மா பயந்தீங்க. அந்த ஹீட்டர் ஒண்ணும் கஷ்டமே இல்ல. கீழேயே பெருசா இருக்கு. ஒரே அமுக்கு, கண்ணாடி பளிச்!"

"கீழேயா? மூணாவது பக்கத்துல இல்ல?"

"இல்லையே. எந்தப் பக்கம் போனாலும் கீழேயே நிக்குது. போன மாசம் கம்பெனியிலிருந்து ஏதோ அனுப்பினாங்க, தானா மாறிடுச்சு. அந்தச் சரி சரின்னு வர்ற பெட்டியும் இப்ப ஓடும்போது வர்றதில்ல."

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். ஈரக்கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"ஹீட்டரை இடம் மாத்திட்டாங்களாமே சார்?"

"ஆமாம்மா. புது வசதி கொடுத்திருக்காங்க. வர்ற வண்டிக்கெல்லாம் அப்படித்தானாம்."

"அப்ப முன்னாடி இருந்தது தப்புன்னுதானே அர்த்தம்?"

"தப்புன்னு யாரும் சொல்லலியே. மேம்படுத்தியிருக்காங்க."

"தப்பு இல்லாததை ஏன் சார் மாத்தணும்?"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் முகத்தில் கொஞ்சம் சங்கடம்கூட இருந்தது.

"அது வேற, இது வேறம்மா. முடிஞ்சுபோனதைக் கிளறாதீங்க. நீங்க ரோட்டைப் பாக்காமதானே ஓட்டினீங்க? அது மாறாதுல்ல?"

"மாறாது சார். ஆனா என்னைத் திரையைப் பாக்க வச்சது மாறிடுச்சு. எனக்கு வண்டி வேணாம். அந்தப் பேப்பர்ல என் பேருக்கு நேரா கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதை மட்டும் எடுத்துடுங்க."

"கமிட்டி முடிவு. என் கையில இல்ல."

யார் கையில் இருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் மேசைமேலிருந்த கண்ணாடித் தம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்தார். அவள் வந்த வழியே இறங்கிவிட்டாள்.  அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

சலவைக்கூடத்தின் வாசல், டயாலிசிஸ் பகுதிக்குப் போகும் தாழ்வாரத்தில்தான் இருந்தது. மாஸ்டரைத் தள்ளிக்கொண்டு போவதை அவள் அடிக்கடி பார்ப்பாள். சத்தம் கேட்டதுமே உள்ளே திரும்பிக்கொள்வாள். அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்த சில நாட்களில், தள்ளிக்கொண்டு வந்த பணியாள் யாரையோ கூப்பிடப் போனபோது, நாற்காலி சரியாக அந்த வாசலில் நின்றது. அவள் உலர்த்தும் மெஷினிலிருந்து எடுத்த போர்வைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேருக்கு நேர்.

மாஸ்டர் பாதியாகியிருந்தார். தாடையில் எலும்பு தெரிந்தது.

"நல்லாயிருக்கியாம்மா?"

அவள் போர்வைகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"வண்டி வருது" என்றார். "சொல்லாம இருந்ததுக்கு வண்டி வருது. முன் சீட்டு இல்ல. பின்னாடி நாற்காலியோட கட்டிப் போட்டுடுறாங்க."

"டீச்சர்?"

"டீச்சர் என்கூட பேசறதில்ல. அன்னைக்கு நான் கேட்டது அவங்க காதுல விழுந்திருக்கு. நான் சொன்னது பொய்னு தெரியும். அவங்களையும் யாரும் கேக்கல, அவங்களாவும் போய்ச் சொல்லல. ஆனா என்கூட பேசறதில்ல."

அவருக்குத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்த நடுக்கம், அவளுக்குத் தெரியாததா?

"இப்ப குளிர்னா கேக்கிறதா மாஸ்டர்?"

"யாரைக் கேக்கிறது? நெட்டை நல்ல பையன்தான். ஆனா கேக்கக் கூடாதே." கொஞ்சம் நிறுத்தி, "கோபம் போகலையாம்மா?" என்றார்.

"போகலை."

அவர் தலையாட்டினார். அதை எதிர்பார்த்துத்தான் கேட்டதுபோல இருந்தது. அவள் கையில் இருந்த போர்வைகள் மெஷின் சூட்டில் இன்னும் கதகதவென்று இருந்தன. ஒன்றை உருவி அவர்மேல் போட்டிருக்கலாம். கை அதற்குத் தயாராகவும் இருந்தது. போடவில்லை. தள்ளுவண்டியில் அடுக்கிவிட்டு, பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும் வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் கேட்டதற்கு, நீராவியில் தலைவலி என்றாள்.

அப்புறம் மாஸ்டர் இரண்டு தடவை வந்து போனார். அதற்கடுத்த தடவை, நாற்காலி வாசலைத் தாண்டும்போது அவள் ஒரு சூடான போர்வையோடு வந்து, அவர் கால்களைச் சுற்றிப் போட்டு, விளிம்பை நாற்காலிக்கு அடியில் சொருகினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஏதோ சொல்ல வந்தார். "தள்ளுங்க, வண்டி காத்துக்கிட்டிருக்கு" என்று பணியாளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். போர்வை அடுத்த நாள் நெட்டையின் கையில் மடித்துத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அப்படியே நடந்தது. அவள் போடுவாள், அது திரும்பி வரும். பேச்சு மட்டும் திரும்பவில்லை.